கண்ணகி நகர், பெரும்பாக்கம்: எட்டாவது, ஒன்பதாவதில் நம் பிள்ளைகள் ஏன் கையை விட்டுப் போகிறார்கள்?

கணக்கு_டீச்சர் எழுதியது:

வணக்கம். சென்னைக்குத் தெற்கே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம்.

ஒரு பையன். ஏழாவதில் பின்னக் கணக்கை வாயாலேயே போட்டு முடித்துவிடுவான், பேனாவைத் தொடமாட்டான். எட்டாவது பாதியில் திங்கட்கிழமைகளில் வராமல் போனான். அப்புறம் திங்களும் செவ்வாயும். ஒன்பதாவதில் தீபாவளி விடுமுறைக்குப் போனவன் திரும்பவே இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கிறது. போன வாரம் ஒரு ரீல்ஸில் பார்த்தேன், நாலு பெரிய பையன்களுக்கு நடுவில் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அவன் ஒருவன் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் சிலர் இதே வயதில், இதே மாதிரி போகிறார்கள். ஆசிரியர் அறையில் பேச்சு "வளர்ப்பு சரியில்லை", "அந்த ஏரியாவே அப்படித்தான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தப் பையனின் அக்கா பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்கிறாள். அதே வீடு, அதே அம்மா.

இங்கே அந்தப் பகுதியில் வாழ்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். எந்த இடத்தில் பிடி விடுகிறது என்று எனக்குப் புரியவேண்டும்.

துரைப்பாக்கம்வாசி எழுதியது:

டீச்சர், நான் கண்ணகி நகரில் வளர்ந்தவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணகி நகர் 2000 வாக்கில் வந்தது. எழில் நகரையும் சேர்த்தால் இன்று 23,000 வீடுகளுக்கு மேல். செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கு மேல், பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்தை ஒட்டி. கூவம் கரை, அடையாறு கரை, கடற்கரை, ரயில் பாதை ஓரம் என்று எங்கெங்கோ இருந்தவர்களைக் கொண்டுவந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிய இடங்கள் இவை. இந்த வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கு இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர், 2021-ல் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் 'போர்டு'தான்.

நாங்கள் வந்தபோது நான் ஆறாவது. அம்மா வீட்டுவேலை பார்த்த மூன்று வீடுகளும் பழைய இடத்துப் பக்கம்தான். அந்த வேலையை விட்டால் வேறு இல்லை. விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் முதல் பஸ் பிடிக்க முடியும், திரும்பி வர இருட்டிவிடும். அப்பாவுக்கு மூட்டை தூக்கும் வேலை. பஸ் செலவு கட்டாது என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே படுத்துக்கொள்வார். அதாவது ஒரு பையன் காலையில் எழுவதையும் பார்க்க ஆளில்லை, சாயங்காலம் வருவதையும் பார்க்க ஆளில்லை.

பழைய இடத்திலும் அம்மா வேலைக்குத்தான் போனாள். ஆனால் அங்கே டீக்கடைக்காரர் பார்ப்பார், இஸ்திரி போடும் தாத்தா பார்ப்பார், எதிர்வீட்டு ஆயா கூப்பிட்டுச் சோறு போடுவாள். பள்ளிக்கூட நேரத்தில் தெருவில் நின்றால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே வீடு ஒதுக்கியது குலுக்கலில். பழைய தெருக்காரர்கள் ஆளுக்கொரு பிளாக்கில் சிதறிப் போனோம். எதிர்வீட்டில் யார் என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. தெரியாத பிள்ளையை யாரும் கண்டிக்கமாட்டார்கள்.

அடுத்தது பையன்கள் ஏன் கும்பலாகச் சேர்கிறார்கள் என்பது. வெளியாட்கள் இதை ரவுடித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வந்த புதிதில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெரிய பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, "நீ எந்த ஏரியா?" அவர்கள் ஏரியாவாக இல்லையென்றால் குடத்தை உருட்டிவிடுவார்கள், ஓரிரு அறையும் விழும். மறுநாள் நம் பழைய ஏரியாப் பையன்களைத் தேடிப் பிடித்துச் சேர்ந்து போவோம். அடி வாங்காமல் தண்ணீர் பிடிக்கத்தான் முதலில் சேர்ந்தோம். வாடகைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பிறகு தேடி வந்தபோது நாங்கள் ஏற்கெனவே கூட்டமாக நின்றுகொண்டிருந்தோம்.

ஓய்வு_எஸ்ஐ எழுதியது:

மேலே தம்பி எழுதியதில் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் வீட்டு ஒதுக்கீட்டின் மேல் போட்டுவிட்டால், பையனைக் கெடுக்கிறவன் தப்பித்துப் போவான். நான் வடசென்னையிலும் வேலை பார்த்தேன், பிறகு தெற்கேயும் பார்த்தேன். நான் பார்த்த காலத்தில் வியாசர்பாடியில் இப்படி யாரையும் இடம் மாற்றவில்லை, அங்கேயும் இதே கதை நடந்தது.

நடைமுறை இதுதான். இருபத்தைந்து, முப்பது வயது ஆள் ஒருவன் இருப்பான். அவன் மேல் ஏற்கெனவே வழக்கு இருக்கும். பதினாலு வயதுப் பையனுக்கு முதலில் பிரியாணி, போனுக்கு ரீசார்ஜ், வண்டி ஓட்டக் கொடுப்பது. இரண்டு மாசம் எதுவும் கேட்கமாட்டான். அப்புறம் "இதைக் கொண்டுபோய் அந்த முனையில் நிற்கிறவனிடம் கொடுத்துட்டு வாடா" என்பான். பொட்டலத்தில் கஞ்சா இருக்கும், இல்லையென்றால் வலிக்குக் கொடுக்கிற மாத்திரை இருக்கும். பையனும் அதையே பழகுவான். பழகியதும் கடன் ஆகிவிடும். சின்னப் பையனாகப் பார்த்து எடுப்பதற்குக் காரணம், அவனை ஜெயிலில் போடமாட்டார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரியும்.

தகப்பன்மார்களையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பையன் கையில் புது போன் வந்தால் யார் வாங்கிக்கொடுத்தது என்று கேட்காத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிளாக்_பையன் எழுதியது:

எஸ்ஐ சார் சொன்ன பிரியாணியை நான் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு இப்போது இருபத்தாறு வயது, ஏசி மெக்கானிக். வழக்கில் மாட்டிய சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் இருந்தவன். அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சோறு இருந்தது. ராத்திரி எட்டரைக்குக் கதவைத் திறந்தால் பாத்திரத்தில் மூடி வைத்திருக்கும். "சாப்பிட்டியா" என்று கேட்கத்தான் யாரும் இல்லை. அந்த அண்ணன் கேட்டார். ஸ்கூலில் என்னைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியிருந்தார்கள். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நாலு பேருக்கு நடுவில் "இவன் நம்ம பையன்" என்று தோளில் கை போட்டார். பதினாலு வயதில் அதற்காக எதையும் செய்வேன் என்கிற மாதிரி இருந்தது. பயந்து போகவில்லை, சந்தோஷமாகத்தான் போனேன். இதைப் புரிந்துகொள்ளாமல் "கெட்டவனோடு சேராதே" என்று சொன்னால் எந்தப் பையன் காதிலும் ஏறாது.

இரண்டாவது விஷயம். நான் எந்தத் தப்பும் செய்வதற்கு முன்பே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். ராத்திரி பிளாக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேரையும் ஏற்றிப் போய் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள், பெயர், அப்பா பெயர், பிளாக் நம்பர் எழுதிக்கொண்டார்கள். காலையில் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் பக்கத்தில் எங்கே செல்போன் பறிப்பு நடந்தாலும் எங்கள் கதவைத் தட்டுவார்கள். பிளாக் முழுக்க என்னைத் திருடன் என்றது. அண்ணன் ஒருவர்தான் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நன்றிக்கடன்தான் என்னை உள்ளே இழுத்தது. பொட்டலம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஓய்வு_எஸ்ஐ எழுதியது:

> போட்டோ எடுத்தார்கள், பெயர், அப்பா பெயர், பிளாக் நம்பர் எழுதிக்கொண்டார்கள்

தம்பி, பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்த உங்களை அப்படிச் செய்தது சட்டப்படி தவறு. மறுக்கமாட்டேன். ரோந்துக் கணக்குக் காட்டச் செய்வார்கள். மேலிருந்து எண்ணிக்கை கேட்கும்போது கீழே இருப்பவன் பிளாக் வாசலில் உட்கார்ந்திருப்பவனைத்தான் தூக்குவான்.

சட்டம்_பேசுவோம் எழுதியது:

வழக்கறிஞராக இரண்டு, மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பிரச்சினை ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015. பதினெட்டு வயது முடியாத யாரையும் எந்தச் சூழலிலும் லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். அடிதடி, சின்னத் திருட்டு போன்றவற்றுக்கு முதல் தகவல் அறிக்கையே போடக்கூடாது என்கின்றன 2016-ன் மாதிரி விதிகள். பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பவேண்டும். கொடுங்குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னாலோதான் விதிவிலக்கு. இந்த விதிவிலக்கால்தான் பெரும்பாலான பையன்கள் மாட்டுகிறார்கள். ஏனென்றால் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவன் இருக்கிறான்.

எஸ்ஐ ஐயா சொன்ன அந்தப் பெரியவனுக்கும் பிரிவுகள் உண்டு. பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தால் 77, அதைக் கடத்தப் பிள்ளையைப் பயன்படுத்தினால் 78, சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் 83. மூன்றிலும் ஏழு ஆண்டு வரை தண்டனை. ஆனால் நான் பார்த்த வழக்குகளில் பையனின் பெயர் இருக்கும், அனுப்பியவனின் மேல் இந்தப் பிரிவுகள் இருக்காது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பிளாக்_பையன் தம்பிக்கு: வழக்கு முடிந்திருந்தால், நன்னடத்தைச் சான்றிதழுக்காக அந்தப் பழைய பதிவை வெளியே சொல்லப் போலீசுக்கு உரிமை இல்லை. பிரிவு 74. வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது இழுத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

நேர்மையாய்_உழைத்தவன் எழுதியது:

எங்கள் அப்பாவும் கூலிதான். நானும் போர்டு வீட்டில்தான் வளர்ந்தேன். கத்தி எடுக்கவில்லை. எல்லாத்துக்கும் சூழ்நிலையைக் காரணம் சொன்னால் ஒழுங்காக வாழ்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு என்ன மரியாதை?

நூலகன் எழுதியது:

நியாயமான கேள்வி. கண்ணகி நகர்ப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான். அதனால்தான் "அந்த ஏரியாவே அப்படி" என்ற பேச்சு தவறு. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் ஏன் இத்தனை பேர் வழுக்குகிறார்கள் என்று கேட்பது வேறு கேள்வி.

அமெரிக்காவின் சிக்காகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரு சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளின் சிறார் நீதிமன்றப் பதிவுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். 1942-ல் அதை வெளியிட்டார்கள். ஒரு பகுதியில் முதலில் ஐரோப்பாவின் ஒரு நாட்டுக்காரர்கள், அவர்கள் முன்னேறிப் போனதும் இன்னொரு நாட்டுக்காரர்கள் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பகுதியின் குற்ற விகிதம் மட்டும் பெரிதாக மாறவில்லை. அங்கிருந்து போனவர்களின் பிள்ளைகளிடம் அது குறைந்தது. கோளாறு எந்த இனத்தின் ரத்தத்திலும் இல்லை, அந்த இடத்தில் பிள்ளைகளைச் சுற்றி என்ன இருந்தது, என்ன இல்லை என்பதில்தான் இருந்தது.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1994-லிருந்து அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. குலுக்கலில் சிலருக்கு வசதியான பகுதிகளுக்குக் குடிபோக உதவி கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் கணக்குப் பார்த்தபோது, பதின்மூன்று வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்மூன்றுக்கு மேல் குடிபெயர்ந்தவர்களுக்கு லாபமே இல்லை, சற்று நஷ்டம்கூட. நல்ல இடத்துக்குப் போனபோதே அந்த வயதில் வேரறுவது அடி. நாம் வேலையும் பள்ளியும் தூரமாகப் போகிற இடத்துக்குக் கொண்டுபோகிறோம், அதுவும் கல்வியாண்டின் நடுவில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் கொண்டுபோனதை நினைத்துப் பாருங்கள். 2022-ல் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரை இடித்தபோது பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது.

வியாசர்பாடியில் இடமாற்றம் இல்லையே என்று எஸ்ஐ ஐயா கேட்டதும் சரி. இடமாற்றம் ஒரு வழி. பெரியவர்களின் கண் பிள்ளைகளிடமிருந்து விலகுவதற்கு வேறு வழிகளும் உண்டு.

அங்கன்வாடி_அக்கா எழுதியது:

பையன், பையன் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். பெண் பிள்ளைகள் கத்தி எடுப்பதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா விடியுமுன் போனால் தம்பியைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, மாடி ஏற்றிக் கொண்டுவருவது பன்னிரண்டு வயதுப் பெண். பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. லிஃப்ட் நின்றுவிட்டால் அவள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனமாதிரிதான். வயதுக்கு வந்துவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைத் தாண்டிப் போகவேண்டும். அம்மாவுக்கு வேலையிடத்தில் மனசு ஓடாது. பதினாறு, பதினேழில் கல்யாணம் பேசி முடிக்கிற அம்மாக்களை நான் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "நீ வந்து ராத்திரி வரைக்கும் காவல் இருக்கியா?" என்று ஒரு அம்மா கேட்டாள். என்ன பதில் சொல்வது?

சாப்பாட்டையும் யாரும் எழுதவில்லை. முதல்வரின் காலை உணவு ஐந்தாவது வரைதான். பிள்ளை ஆறாவது போனதும் காலையில் வெறும் வயிறு, மதியம் சத்துணவு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நல்ல விஷயம், ஆனால் கல்லூரி வாசல் வரை வந்து சேர்ந்தவளுக்குத்தான் அது. எங்கள் பிள்ளைகள் விழுவது ஆறாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில்.

சட்டம்_பேசுவோம் எழுதியது:

அக்கா சொன்ன அதே இடைவெளி சட்டத்திலும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயது வரை, எட்டாவது வரை. எட்டு முடிந்ததும் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் தளர்ந்துவிடுகிறது.

துரைப்பாக்கம்வாசி எழுதியது:

அதற்குமேல் முகவரி. துரைப்பாக்கம் ஐடி கம்பெனிக் கட்டடங்கள் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். உள்ளே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாலும் 'கண்ணகி நகர்' என்றதும் முகம் மாறிய இடங்கள் உண்டு. பையன்கள் 'ஒக்கியம் துரைப்பாக்கம்' என்று எழுதப் பழகிவிட்டார்கள். 2020-ல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தபோது வெளியாட்கள் போட்டோ எடுக்க வந்தார்கள், அது பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது அந்த அணியில் எங்கள் ஊர்ப் பெண்ணும் இருந்தாள். அன்றைக்கு முதல்தடவையாக எல்லா டிவியிலும் கண்ணகி நகர் என்ற பெயர் நல்ல சேதியோடு வந்தது. எங்கள் பிளாக்கில் பட்டாசு வெடித்தோம்.

கபடி ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பெரியவர் அந்த மைதானத்தில் வந்து நிற்கிறார், இன்றைக்கு யார் வரவில்லை என்று கேட்கிறார், மழை பெய்தாலும் வருகிறார். எங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்.

பிளாக்_பையன் எழுதியது:

எனக்கும் அப்படி ஒருவர்தான். மயிலாப்பூரில் ஏசி கடை வைத்திருக்கும் என் மாமா. "தினமும் காலையில் எட்டுக்கு வா, வராவிட்டால் நான் உன் வீட்டுக்கு வருவேன்" என்றார். வந்தார். திட்டவில்லை, கதவுக்கு வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பழைய அண்ணன் ஆள் அனுப்பியபோது "அவனுக்கு வேலை இருக்கு" என்று மாமாதான் பதில் சொன்னார். நானே சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். வெளியே வர நினைக்கிற பையனுக்கு அவன் சார்பாகப் பேச ஒரு ஆள் வேண்டும்.

கணக்கு_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வராமல் போனபோதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஏற்பாடு பள்ளியில் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை வைக்கிறேன்: மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் போகவேண்டும்.

இப்போது அந்தப் பையன். பதினைந்து ஆகிறது. நான் என்ன செய்யலாம்?

சட்டம்_பேசுவோம் எழுதியது:

பெயரை நீக்கவிடாதீர்கள், அதுதான் முதல் வேலை. திரும்ப வகுப்பில் உட்கார வெட்கப்பட்டால் பதினான்கரை வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எட்டாவது தேர்ச்சிக்கு அரசு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். குழந்தைகள் உதவி எண் 1098.

ஓய்வு_எஸ்ஐ எழுதியது:

மாத்திரைப் பழக்கம் இருந்தால் அதட்டி நிறுத்த முடியாது, உடம்பு கேட்கும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் பார்க்கிறார்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். அந்தப் பெரிய பையன்களைப் பற்றி முதல் நாளே கேட்காதீர்கள் அம்மா. கேட்டால் அவன் பயத்தில் வாயை மூடிக்கொள்வான், உங்களுக்கும் தொந்தரவு. தேவைப்பட்டால் என்னைச் சொல்லுங்கள், அந்த எல்லையில் இருக்கும் குழந்தைகள் நல அலுவலரோடு நான் பேசுகிறேன்.

பிளாக்_பையன் எழுதியது:

டீச்சர், பகலில் போகாதீர்கள், அம்மா இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை போங்கள். ரீல்ஸ் பார்த்ததைச் சொல்லவே வேண்டாம். அந்தப் பின்னக் கணக்கைச் சொல்லுங்கள். எங்கள் கடையில் சாயங்காலம் ஹெல்பர் வேலை இருக்கிறது, மாமாவிடம் கேட்டுவிட்டேன். ஆனால் படிப்பை விடாமல் இருந்தால்தான் என்று மாமா சொல்கிறார்.

துரைப்பாக்கம்வாசி எழுதியது:

தனியாகப் போகவேண்டாம் டீச்சர். பிளாக் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்ணகி நகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், அங்கன்வாடி அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவைப் பார்ப்பதற்கு முன் அவனுடைய அக்காவைப் பார்ப்போம். அவள் சொன்னால் அவன் கேட்பானா என்று அவளுக்குத்தான் தெரியும்.